பொதுக் கொள்கை முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு வந்திருப்பவர்களுக்கு, முதல் செமஸ்டருக்கு முன்

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். "கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இந்த நாட்டு அமைச்சகத்திலும் நாடாளுமன்ற அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். எனக்கோ இங்கே எந்த வேலையை எந்த அலுவலகம் செய்கிறது என்பதே தெரியாது. எப்படித் தாக்குப்பிடிப்பது?" இதே படிப்பைப் படித்து இதே துறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்குப் புதியவராக இருப்பது இந்தப் படிப்பில் ஒரு குறையே இல்லை. பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அரசோடு பழகும்போது குடிமக்கள் சுமக்கிற பாரத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். எந்த விதி தனக்குப் பொருந்தும், எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு ஆகும் சிரமம் ஒன்று. படிவம், சான்றிதழ், வரிசை, அலைச்சல் என்று அதை முடிப்பதற்கு ஆகும் சிரமம் இன்னொன்று. அந்த நேரத்தில் மனதுக்குள் ஓடும் பதற்றமும் கூச்சமும் மூன்றாவது. வந்த முதல் மாதத்திலேயே இந்த மூன்றையும் நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது, வங்கிக் கணக்கு இல்லாமல் வாடகை வீடு கிடையாது என்று நடுவில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தால், அது ஒரு கொள்கைக் கேள்வி. எந்தத் தாளைக் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், அந்தத் தாள் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் கண்ணில் இது படவே படாது. இரண்டாவது மாதத்துக்குப் பிறகு உங்களுக்கும் மறந்துபோகும்.

அப்புறம், உங்கள் ஊராட்சியோ நகர மன்றமோ கூடும் நாளைப் பாருங்கள். பல நாடுகளில் இந்தக் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். ஒரு மாலை போய் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். யார் எழுந்து பேசுகிறார்கள், எந்தத் தீர்மானம் பேச்சே இல்லாமல் நிறைவேறுகிறது, அதிகாரி எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். திரும்பி வந்து அந்த நகரத்தின் பட்ஜெட் சுருக்கத்தைப் படியுங்கள். எந்தப் பணம் நகரத்தின் கையில் இருக்கிறது, எது மேலே இருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், வகுப்பில் பாதிப் பேச்சு உங்களுக்குப் பிடிபடும்.

இனி மெமோ. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். பரீட்சை எழுதிப் பழகிய கைக்கு மெமோ அவ்வளவு சீக்கிரம் வராது. தெரிந்ததையெல்லாம் கொட்டினால் மதிப்பெண் கிடைக்கும் என்பது நம்மில் பலருக்கு ஊறிப்போன பழக்கம். இங்கே முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு, இரண்டே பக்கத்தில், என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். அதையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. நகரப் பேருந்துக் கட்டணத்தை முழுதாக நீக்கிவிடலாமா என்று மேயருக்கு ஒரு மெமோ எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்களின் முதல் வரைவு இப்படித்தான் தொடங்கும்: "நவீன நகர வாழ்வில் பொதுப் போக்குவரத்து மிக முக்கியப் பங்கு வகிக்கிறது. வளர்ந்துவரும் மக்கள்தொகை, சுற்றுச்சூழல் மாசு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு…" மேயர் இதை அறியாதவரா? இந்த வரிகளை அப்படியே அடித்துவிட்டு இப்படித் தொடங்குங்கள்: "கட்டணத்தை எல்லாருக்கும் நீக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். அதற்கு ஆகும் பணத்தில் நெரிசல் நேரப் பேருந்துகளைக் கூட்டலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவச பாஸ் கொடுக்கலாம்." அதற்குப் பிறகு ஆதாரம். எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் 2013இல் நகரவாசிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. அங்கே நடந்த ஆய்வில், பேருந்துக்கு மாறியவர்களில் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர், கார்ப் பயணம் குறைந்தது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. கார் நெரிசலைக் குறைப்பதுதான் மேயரின் நோக்கம் என்றால் இந்த ஒரு தகவல் போதும், விவாதம் திசை மாறும். ஏழைகளின் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அதே தகவலை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் நோக்கம் எது என்று மெமோவில் ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.

முதல் செமஸ்டரில் மெமோக்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, தன் பரிந்துரையைத் தூக்கிக் காட்டுவதற்காக, யாருமே தேர்ந்தெடுக்காத இரண்டு மாற்று வழிகளைப் பக்கத்தில் நிறுத்துவது. புரொஃபசர் அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். எதிர்த்தரப்பில் இருக்கும் நல்ல புத்திசாலி எதைச் சொல்வாரோ அதைத்தான் மாற்று வழியாக வைக்க வேண்டும். இன்னொன்று, புதிதாக வந்தவர்களுக்கே உரியது: மேயரிடம் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்வது. பேருந்துக் கட்டணத்தை நகரம் முடிவு செய்கிறதா, தனி ஆணையம் முடிவு செய்கிறதா, மாநில அரசா என்பது நாட்டுக்கு நாடு மாறும். எழுத உட்காரும் முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிவிடுங்கள். நகர மன்றக் கூட்டத்துக்குப் போகச் சொன்னதும் இதற்காகத்தான்.

எழுதிய வரைவைப் பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்துக்குக் கொண்டு போங்கள். ஆங்கிலம் நன்றாக வந்தாலும் போங்கள். வாக்கியப் பிழை திருத்துவதைவிட, "உங்கள் பரிந்துரை எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்பதுதான் பெரிய உதவி. ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள், படித்துவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். தமிழிலக்கியமோ வரலாறோ சட்டமோ படித்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். கட்டாயப் பாடங்களில் மைக்ரோ எகனாமிக்ஸும் புள்ளியியலும் இந்தப் படிப்பு இருக்கும் அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும். வகுப்பு தொடங்கும் முன் கணக்குப் பயிற்சி வகுப்பு வைத்தால் தவறாமல் போங்கள். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அங்கே வரும் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம், ஆனால் அந்த வருடம் முழுக்கச் சேர்ந்து படிக்கப்போகும் குழு அங்கேதான் உருவாகிறது.

கணக்கில் வேண்டியது வேகம் இல்லை, ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்கும் பழக்கம்: இந்தக் கொள்கை வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரில் இருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் அது மாறவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் 410 துரித உணவகங்களை ஊதிய உயர்வுக்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்து ஒப்பிட்டார்கள். வேலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. 1994இல் இது வெளியானதும் பெரிய சண்டையே நடந்தது. நியூமார்க், வாஷர் என்ற வேறு இரண்டு பொருளியலாளர்கள் வேறு தரவை வைத்து மறுத்தார்கள், கார்டும் க்ரூகரும் பதில் எழுதினார்கள். 2021இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் கார்டும் ஒருவர். பென்சில்வேனியாவை எதற்காகச் சேர்த்தார்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு நண்பருக்கு விளக்க முடிந்தால், ரிக்ரெஷன் அட்டவணையை, அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் புள்ளியியல் கணக்கை, பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளெல்லாம் பழகப் பழகக் கையில் வந்துவிடும்.

எண்களுக்கு மனித முகம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு மெக்சிகோவின் ப்ரோக்ரேசா திட்டத்தைச் சொல்வேன். 1997இல் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருத்துவப் பரிசோதனைக்கும் அழைத்துப்போகும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தருவது. எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால், எந்தக் கிராமங்களுக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, காத்திருந்த கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். 2000இல் ஆட்சி மாறியது. ஆட்சி மாறினால் பழைய திட்டத்தை மூடுவது வழக்கம். இதை மூடவில்லை, பெயரை மாற்றி விரிவாக்கினார்கள். நன்றாகச் செய்த மதிப்பீடு கையில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தப் படிப்பு எதற்கு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. பேச வேண்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். உங்கள் நாட்டில் இதே பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்வதும் நல்ல பங்களிப்புதான், தயங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் அதை மட்டுமே சொன்னால், உங்களை அந்த நாட்டின் பிரதிநிதியாக மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக வேலை. ஒரு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தால் இடையில் இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது, வந்த மாதத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். வேறு துறையில் இருந்து மாறி வருகிறவர்களுக்கு இரண்டு வருடப் படிப்புதான் நல்லது என்பது என் கருத்து. நடுவில் வரும் கோடை அவ்வளவு உதவும். அமெரிக்காவில் மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கே என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பன்னாட்டு அமைப்புகள் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. ஐநா வேலைக்கு இளைஞர்களை எடுக்கும் இளம் வல்லுநர் திட்டத்துக்கு வயது 32க்குள் இருக்க வேண்டும், எந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலும் ஆண்டுதோறும் மாறும், அதனால் ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும், ஓபிடி என்று சொல்லும் மாணவர் வேலை அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்திய படிப்பாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். பொதுக் கொள்கைப் படிப்புகளில் சில அந்த வகையில் வரும், சில வராது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 தாளில் இருக்கும் பாடக் குறியீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெர்மனியில் படித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி உண்டு. எந்த நாடானாலும், சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பாகவே இருந்தாலும், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி தேவை என்றால் அதைக் கையில் வாங்கிய பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போக வேண்டும். அனுமதிக்குச் சில வாரங்கள் ஆகலாம், அதனால் வேலை கொடுப்பவரிடம் தொடங்கும் தேதியைப் பேசும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.