ஸ்டாக்: ஒரே சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

ஸ்டாக் (stock) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் தமிழில் 'இருப்பு' என்று போடலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருப்பு என்றதும் கிடங்கில் அடுக்கிய அரிசி மூட்டைதான் மனதில் வருகிறது. பங்கு வணிகத்துக்கு அது ஒட்டாது.

அப்படியானால் 'பங்கு' என்றே விட்டுவிடலாமா? பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் பேச்சில் ஒரு வேறுபாடு இருக்கிறது. "என்கிட்ட நாலு ஸ்டாக் இருக்கு" என்றால் நான்கு கம்பெனி. "நாலு ஷேர் இருக்கு" என்றால் எண்ணி நாலே நாலு. இரண்டையும் 'நான்கு பங்குகள்' என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். முதலாவதை 'நான்கு நிறுவனப் பங்குகள்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இதற்காகப் புதுச்சொல் தேட வேண்டாம். 'சென்செக்ஸின் 30 பங்குகள்' என்று நாளிதழில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லையே!

உண்மையான சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பிரிவு 61, முழுத் தொகையும் செலுத்தப்பட்ட ஷேர்களை ஸ்டாக்காக மாற்றவும், திரும்ப ஷேராக்கவும் இடம் தருகிறது. 10 ரூபாய் ஷேர் ஆயிரம் வைத்திருப்பவர், மாற்றியபின் 10,000 ரூபாய் ஸ்டாக் வைத்திருப்பார். தனித்தனி அலகும் அதற்கான எண்ணும் போய், மொத்தத் தொகை மட்டும் நிற்கும். இந்த இடத்தில் 'பங்கைப் பங்காக மாற்றலாம்' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'பங்குத்திரள்' என்பது என் பரிந்துரை. மாற்றுவது திரளாக்கம், திரும்புவது மறுபங்காக்கம். (அதே சட்டம் பிரிவு 2(84)இல் ஷேர் என்பதில் ஸ்டாக்கும் அடங்கும் என்கிறது. 'பங்கு என்பதில் பங்குத்திரளும் அடங்கும்' என்றால் பொருந்தித்தான் வருகிறது.)

அப்புறம், ரிசர்வ் வங்கி ஏலம் விடும் கவர்ன்மெண்ட் ஸ்டாக். அதைப் பார்த்து யாராவது 'அரசுப் பங்கு' என்று எழுதிவிடப் போகிறார்கள். அதில் பங்குக்கு உள்ளதுபோல் உடைமை உரிமையும் இல்லை, லாபத்தில் பிரித்துத் தரும் ஈவுத்தொகையும் இல்லை. அரசு வாங்கும் கடன், அதற்கு வட்டி. நம் ஊரில் 'அரசுக் கடன்பத்திரம்' என்கிறோம். இலங்கையில் இந்த வகைக்கு 'திறைசேரி முறி' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. முறி என்றால் எழுதிக்கொடுத்த பத்திரம். பழைய, கச்சிதமான சொல். இங்கிலாந்தில் கடன் கணக்கைக் குச்சியில் வெட்டி, நெடுக்கில் பிளந்து, நீளமான பாதியைக் கடன் கொடுத்தவரிடம் தந்தார்கள். அந்தப் பாதிக்கும் பெயர் ஸ்டாக்தான். ஆகவே இந்தப் பொருளுக்கு என் ஓட்டு முறிக்கு.

பங்குத்திரளைவிடச் சுருக்கமாக யாரிடமாவது சொல் இருந்தால் சொல்லுங்கள். 'பங்குத்தொகுதி' மட்டும் வேண்டாம், அதை போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது ஒருவர் வைத்திருக்கும் முதலீடுகளின் மொத்தத்துக்கு, வைத்துக்கொள்ளலாம்.