மின் ஜோவின் சைனாடவுன் ஆய்வுகளை எப்படி அணுகுவது?

கேள்வி:
புலம்பெயர்வு குறித்து முதுகலை ஆய்வேடு எழுதவிருக்கிறேன். படிக்கும் கட்டுரைகளிலெல்லாம் சமூகவியலாளர் மின் ஜோவின் பெயர் எதிர்ப்படுகிறது. சீனக் குடியேறிகள் திரண்டு வாழும் நியூயார்க் சைனாடவுன் போன்ற குடியிருப்பு தன் மக்களை முன்னேற்றுகிறதா, முடக்கிப்போடுகிறதா என்பதில் அவருடைய நிலைப்பாடு என்ன? அது பின்னாளில் மாறியதா?

பதில் 1:
முடக்கிப்போடுகிறது என்ற பொதுக்கருத்தை மறுத்துத்தான் அவர் ஆய்வுலகுக்கு அறிமுகமானார். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்து, சுன் யாட்சென் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தபின் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் 1989இல் முனைவர் பட்டம் பெற்றவர். சைனாடவுன் பற்றிய முதல் நூல் 1992இல் வந்தது. ஆங்கிலம் அறியாத ஒரு பெண் அங்குள்ள தையற்கூடத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் குறைவு. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் எழுந்து சென்று பிள்ளையை அழைத்துவர முடிகிறது; அவருடைய கூலியும் கணவரின் உணவகச் சம்பளமும் சேர்ந்து வீடோ கடையோ வாங்குவதற்கான சேமிப்பாகின்றன. தனியாள் ஊதியத்தை மட்டும் அளந்தால் சுரண்டலாகத் தெரிவது, குடும்பத்தை அலகாகக் கொண்டால் ஏணியாகவும் தெரியும் என்பதே அவர் வாதம்.

பதில் 2:
எதிர்த்தரப்பையும் அவசியம் படியுங்கள். இத்தகைய பொருளாதாரத்தின் பலன் முதலாளிகளுக்குக் கிட்டும் அளவுக்குத் தொழிலாளர்களுக்குக் கிட்டுவதில்லை என்று சமூகவியலாளர்கள் விக்டர் நீ, ஜிமி சாண்டர்ஸ் இருவரும் 1987இலேயே எழுதினர். 1982இல் அதே சைனாடவுனில் ஏறத்தாழ 20,000 ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே முதலாளியும் சீனர், கூலிக்காரரும் சீனர். அதை விட்டுவிட்டு இன ஒற்றுமையைப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில் 3:
நிலைப்பாடு மாறியது என்பதைவிட, கேள்வி விரிந்தது என்பேன். 1993இல் சமூகவியலாளர் அலெஹாண்ட்ரோ போர்ட்டெஸுடன் எழுதிய கட்டுரையில், குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாதையில் நடுத்தர வர்க்கத்தில் கரைவதில்லை, சிலர் கீழே தள்ளப்படவும் கூடும் என்று காட்டினார். 2015இல் ஜெனிபர் லீயுடன் எழுதிய நூல் இன்னும் முக்கியமானது. சீனப் பிள்ளைகளின் படிப்புக்குப் பண்பாடே காரணம் என்போருக்கு அதில் நேரடியான மறுப்பு இருக்கிறது: அமெரிக்காவுக்கு வந்த சீனர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பட்டதாரிகள், சீனாவிலோ அந்த விகிதம் 4 சதவீதம் அளவிலேயே இருந்தது. புறப்படும்போதே வடிகட்டப்பட்ட கூட்டத்தை வைத்து ஓர் இனத்தின் இயல்பைக் கணிக்கக் கூடாது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், சீனாவின் குவாங்சோ நகருக்கு வந்து வணிகம் செய்யும் ஆப்பிரிக்கர்களையும் ஆராய்ந்தார். உங்கள் ஆய்வேட்டுக்கு 1992ஆம் ஆண்டு நூலையும் 2015ஆம் ஆண்டு நூலையும் அடுத்தடுத்துப் படிப்பதே போதுமான தொடக்கம்; நடுவில் விக்டர் நீ, ஜிமி சாண்டர்ஸ் இருவரின் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள்.