கொழும்பு பி.எம்.ஐ.சி.எச். (பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்) போய்வந்த யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்கட கதையையும் சொல்லுங்கோ

கொக்குவிலில் இருந்து:
மகளின் பட்டமளிப்புக்குப் போனோம். பெற்றோர் இருவருக்கு மட்டும்தான் அனுமதி என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. ஆனால் மாமி கேட்பாரா? பேத்தி கறுப்பு அங்கியோடு நிற்பதைப் பார்க்க வேண்டுமாம். இரவு பஸ்ஸில் அவரையும் ஏற்றி, விடிய வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்து, ஆட்டோ பிடித்தோம். பௌத்தாலோக மாவத்தையில் அந்த எண்கோணக் கட்டிடமும் உயர்ந்த வெள்ளைத் தூண்களும் தெரிந்ததுமே மாமி கும்பிட்டார். எதிரே அவுக்கன புத்தர் சிலையின் பிரதி நிற்கிறது. எதைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் நின்ற பெடியன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மனைவி தன் அழைப்பிதழை மாமியிடம் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் நின்றுவிட்டாள். உள்ளே ஏசிக் குளிர். மாமி சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு நல்ல நித்திரை. நான் தட்டி எழுப்புவதற்குள் மகள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். ஊருக்கு வந்து, “அந்த மேடையில என்ர பிள்ளை நடந்த நடை இருக்கே” என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சாவகச்சேரி ஆசிரியை:
நான் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குத்தான் போவேன். சனி, ஞாயிறு போகாதீர்கள், கால் வைக்க இடமிராது. சில்லு வைத்த பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து சிங்களப் புத்தகம் அள்ளுகிறார்கள். பார்க்க ஆசையாகவும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். தமிழ்க் கடைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நல்லூர் ஐயா:
சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த மண்டபம் அது. 1973 மே மாதம் திறந்தார்கள். 1976 ஓகஸ்ட்டில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு அங்கேதான் நடந்தது. சரி, இன்னும் எத்தனை காலத்துக்கு அங்கேயே ஓடுவது? யாழ்ப்பாண நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித்தந்த பண்பாட்டு மையம் பதினொரு மாடியில் நிற்கிறதே. அறுநூறு பேர் இருக்கலாம். பட்டமளிப்பை ஏன் இங்கே வைக்கக் கூடாது?

சுன்னாகத்தில் பனம்பொருள் வியாபாரம் செய்பவர்:
ஐயா, பட்டமளிப்புக்கு அது காணும். எங்களுக்கு வேண்டியது கதிரை அல்ல, தரை. பி.எம்.ஐ.சி.எச். வளவிலேயே கண்காட்சி மண்டபம் தனியாக இருக்கிறது. ஒருமுறை சாமான் கொண்டுபோனேன். தட்டையான தரை, மேலே கூரை, கையெட்டும் தூரத்தில் மின்சாரம். வைத்த பொருள் பின்னேரம் வரை வைத்தபடியே இருந்தது.

இங்கே ஜனவரியில் முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும்போது கோட்டைப் பக்கத்துக் காற்று கூடாரத்தைத் தூக்கும். ஒடியல் மா பைகளை நான் துடைக்கத் துடைக்கப் புழுதி படியும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ஒருவர் பையைக் கையில் எடுத்துப் பார்த்தார், விரலைப் பார்த்தார், அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மண்டபம் கட்ட யார் காசு தந்தாலும் சரி, மேடையைச் சின்னதாக வைத்து, லொறி வாசல் வரை வர வழி விடச் சொல்லுங்கோ.