1660ஆம் ஆண்டு மாலுமிச் சட்டை: கமக்கட்டில் கிழிகிறது, தேயிலைச் சாயமும் ஏறவில்லை. உதவி தேவை

உப்புவெளித் தையல்:
எல்லோருக்கும் வணக்கம். மூதூர்ப் பிள்ளைகள் ஆவணியில் ஒரு நாடகம் போடுகிறார்கள். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி பிடிபட்ட கதை. புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக்குடாவுக்கு வந்த ஆன் என்ற கப்பல், 1660இல் நொக்ஸும் தகப்பனும் மாலுமிகளும் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டது, பிறகு கண்டி நாட்டில் கழித்த காலம் எல்லாம் வருகிறது. ஆறு பேருக்கு உடுப்புத் தைக்கும் பொறுப்பு என்னிடம். இதுவரை நான் தைத்தது பள்ளிச் சீருடையும் சாறிச் சட்டையும்தான்.

முதல் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன். ஒத்திகையில் துடுப்பு வலிக்கும் காட்சி. தம்பி இரண்டு கையையும் தூக்கியதும் சட்டை முழுதும் மேலே ஏறி வயிறு தெரிந்தது. மூன்றாம் தரம் வலித்தபோது இடது கமக்கட்டில் நாலு அங்குலம் கிழிந்துவிட்டது. தையல் விடவில்லை, தையலுக்குப் பக்கத்துத் துணிதான் கிழிந்தது. சாதாரண சேட்டின் அளவையே எடுத்து, தொளதொளவென்று இருக்கட்டும் என்று நாலு அங்குலம் கூட்டி வெட்டியிருந்தேன்.

அடுத்தது நிறம். மேடை வெளிச்சத்தில் துணி நீலம் பாய்ந்த வெள்ளையாக மின்னுகிறது. பழசாகக் காட்டத் தேயிலை அவித்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டேன். துணி அப்படியே இருக்கிறது, தையல் மட்டும் பழுப்பாகிவிட்டது. கடையில் பருத்தி என்று சொல்லித்தான் தந்தார்கள். நல்ல லினன் வாங்கக் காசு போதாது. மூன்று மூலைத் தொப்பியும் சிவப்புக் கோட்டும் தைக்கச் சொல்கிறார்கள், அதற்கு என்ன துணி நல்லது?

அனுராதபுரச் சந்தி அக்கா:
தங்கச்சி, முதலில் துணியைப் பார்ப்போம். தையல் பழுப்பாகித் துணி வெள்ளையாக நிற்கிறது என்றால் நூல் பருத்தி, துணி பருத்தி இல்லை. உறுதி செய்ய, ஓரத்தில் ஒரு விரல் அளவு துண்டு வெட்டி, குறட்டில் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரியும், கடதாசி எரிந்த மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணி மாதிரிக் கட்டியாக நிற்கும். எரிந்துகொண்டு சொட்டும், கையை அவதானம்.

உப்புவெளித் தையல்:
பார்த்தேன் அக்கா. கறுப்பு மணிதான். நகத்தால் அமர்த்தியும் உடையவில்லை. அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த பழைய நூற்கட்டையைத்தான் பாவித்திருந்தேன், அது பருத்தி.

அனுராதபுரச் சந்தி அக்கா:
அப்படியென்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். தேயிலை பொலியெஸ்ரரில் பிடிக்காது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடிக்கிற பிள்ளைகளும் பாவம். லினன் தேடி அலைய வேண்டாம். வெளுக்காத பருத்தித் துணி கேளுங்கள், கொஞ்சம் முரடாக, நூல் முடிச்சுத் தெரிகிற துணி. வெளுக்காததால் அந்த நீல மினுக்கமும் இருக்காது, தூரத்தில் லினன் என்றே தெரியும். திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிறவர்களிடம் புறக்கோட்டையில் எடுப்பிக்கலாம். வெட்டுவதற்கு முன்னால் சுடுதண்ணீரில் ஒருதரம் தோய்த்துக் காயப் போடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும்.

இனிக் கிழிகிற கதை. துணி பருத்தியாக இருந்தாலும் அந்த வெட்டுக்கு அது கிழிந்தேதான் இருக்கும். இன்றைய சேட்டில் கைக்குழியை வளைத்துக் குடைந்து வெட்டுகிறோம். பெரிதாக்க வேண்டும் என்று அளவைக் கூட்டினால் கைக்குழி கீழே இறங்கும். கைக்குழி இறங்கினால் கை தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே எழும்பும். நீங்கள் நாலு அங்குலம் கூட்டியதுதான் வயிறு தெரியக் காரணம்.

அந்தக் காலத்துச் சட்டையில் வளைவே கிடையாது. எல்லாம் சதுரமும் நீள்சதுரமும். துணியை வீணாக்கக் கூடாது என்று அப்படி வெட்டினார்கள். உடம்புக்கு ஒரே நீளத் துண்டு, அகலம் 34 அங்குலம், நீளம் 76 அங்குலம். நடுவில் மடித்தால் மடிப்புத்தான் தோள், தோளில் தையல் இல்லை. கழுத்துக்கு அந்த மடிப்பில் குறுக்கே ஒரு வெட்டு, நெஞ்சுக்குக் கீழ்நோக்கி ஒரு வெட்டு. கைகள் 22 அங்குலச் சதுரங்கள். 45 அங்குல அகலத் துணி என்றால் உடம்பு வெட்டிய மிச்சம் 11 அங்குலப் பட்டியாக வரும். கொலர், மணிக்கட்டுப் பட்டி, கமக்கட்டுத் துண்டு எல்லாம் அதிலேயே அடங்கும். ஒரு சட்டைக்கு இரண்டேமுக்கால் மீற்றர் போதும்.

கமக்கட்டுத் துண்டுதான் உங்களுக்கு வேண்டியது. 6 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டுங்கள். கையைக் குழாயாக மூட்டுவதற்கு முன்பு, தோள் பக்கத்து முனையில் இந்தச் சதுரத்தை வையுங்கள். சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு ஓரங்கள் கையின் இரண்டு ஓரங்களோடு சேரும். மற்ற இரண்டு ஓரங்களும் உடம்பின் முன் ஓரத்தோடும் பின் ஓரத்தோடும் சேரும். அதற்குக் கீழே பக்கத் தையல். மூலையில் வரும்போது ஊசியைத் துணியில் இறக்கி வைத்துவிட்டுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் அந்த முனையில் சின்னத் துவாரம் விழும், பிறகு அங்கேயே கிழியும். கை கீழே இருக்கும்போது சதுரம் மடிந்து ஒளிந்துகொள்ளும். கை தூக்கும்போது மூலைவாட்டில் விரிந்து கொடுக்கும். பழைய ஜிப்பா ஒன்று வீட்டில் இருந்தால் கமக்கட்டைப் பிரட்டிப் பாருங்கள், இதே துண்டு இருக்கும்.

மெசினில் தைத்தால் பாதகமில்லை. தையல் மெசின் பரவலானது 1850களுக்குப் பிறகுதான், ஆனால் உள் தையலை யாரும் பார்க்கப் போவதில்லை. கொலரும் நெஞ்சு வெட்டும் மட்டும் கையால் ஓரம் அடியுங்கள். சிப், இலாஸ்ரிக் இரண்டும் வேண்டாம்.

மூதூர் நானா:
தங்கச்சி, எங்கள் ஊர்க் கதைக்கு உடுப்புத் தைக்கிறீர்கள், சந்தோஷம். நொக்ஸ் ஆட்கள் பிடிபட்டதைச் சொல்லும் புளியமரத்தடி நினைவுக்கல்லைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் என்றபடியால் சொல்கிறேன், அந்த மூன்று மூலைத் தொப்பியை விட்டுவிடச் சொல்லுங்கள். அது 1690களுக்குப் பிறகு வந்த வழக்கம். பெரிய பொய்முடியோடு நொக்ஸ் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்த ஓவியம் 1711ஆம் ஆண்டு, அப்போது அவருக்கு எழுபது வயது. மூதூரில் பிடிபட்டபோது வயது 19.

சிவப்புக் கோட்டும் வேண்டாம். அது பட்டாளத்து உடுப்பு. வந்தவர்கள் வியாபாரக் கப்பல்காரர்கள். மாலுமிக்கு முழங்காலோடு நிற்கிற அகலக் காற்சட்டை, இடுப்பில் சுருக்கு, மேலே சட்டை, கட்டையான மேற்சட்டை, தலையில் பின்னல் தொப்பி, போதும். தகப்பன் கப்டன் என்றபடியால் அவருக்கு மட்டும் அகன்ற வெள்ளைக் கொலரும் விளிம்புத் தொப்பியும் கொடுங்கள்.

இன்னொன்று. சிறையிருந்த காலத்தில் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுத்தான் பிழைத்தார். 1681இல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார், ஒரு தொப்பி ஒன்பது பென்ஸ், நூலுக்கு மூன்று பென்ஸ் போகும் என்று. கொண்டுவந்த உடுப்பு நைந்த பிறகு நாட்டுத் துணியைத்தான் உடுத்தார்கள். ஆகவே ஆறு பேருக்கும் இரண்டாம் பாகத்துக்கு வேறு உடுப்புத் தைக்கத் தேவையில்லை. முரட்டு வேட்டித் துணி வாங்கி, அரையில் கட்டிவிடுங்கள். கையில் பின்னல் ஊசி கொடுங்கள்.

மட்டக்களப்புக் கூத்துக்காரன்:
அக்கா சொன்ன வெட்டு சரி. நாங்கள் வடமோடிக் கூத்துக்குக் கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்புக் கட்டி ஆடுகிறவர்கள், கை வீசி ஆடுகிறவனுக்குக் கமக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று தெரியும். காற்சட்டைக்குக் கன்வஸ் பாருங்கள். மெல்லிய பருத்திக் கன்வஸாக இருக்க வேண்டும், தடித்தது என்றால் பிள்ளைகளால் குந்த முடியாது. நாட்டு மக்களாக வருகிறவர்களுக்கு மருதமுனைக் கைத்தறி நன்றாக விழும்.

சாயத்துக்குத் தேயிலை மட்டும் என்றால் மஞ்சள் பழுப்பில் நின்றுவிடும். கடல் உடுப்புக்கு ஒரு சாம்பல் நிறம் வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்து, அவித்து, அதில் துணியை ஊறவையுங்கள். துருப்பிடித்த ஆணி கொஞ்சத்தை வினாகிரியில் ஒரு கிழமை போட்டு வைத்து, அந்தத் தண்ணீரில் நாலு கரண்டி ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, கடுக்காய் ஊறிய துணியை அதில் அமிழ்த்துங்கள். கண் முன்னாலேயே கறுக்கும். கூடவிட்டால் இரும்பு துணியை அரித்துவிடும், ஆகவே நிறம் வந்ததும் எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

உப்புவெளித் தையல்:
இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மத்திய வீதியில் நாலாவது கடையில் வெளுக்காத பருத்தி கிடைத்தது. கடையிலேயே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். தோய்த்ததில் நீளத்தில் மீற்றருக்கு நாலு சென்ரிமீற்றர் சுருங்கியது, நல்லவேளை முதலே சொன்னீர்கள் அக்கா.

கமக்கட்டுத் துண்டு முதல் தரம் பிழைத்துவிட்டது, சதுரத்தைத் திருப்பி வைத்துத் தைத்ததில் கை முறுகிக்கொண்டு நின்றது. பிரித்து, ஓரங்களுக்குச் சோக்கால் அடையாளம் இட்டுத் தைத்தேன். நேற்று ஒத்திகை. தம்பி இருபது தரமாவது துடுப்பு வலித்திருப்பான். சட்டை இடுப்பை விட்டு அசையவில்லை. கடுக்காய்ச் சாயம் காற்சட்டைக்கு ஈயம் மாதிரி ஒரு நிறம் தந்தது, சட்டைக்குத் தேயிலையோடு நிறுத்திவிட்டேன். தொப்பியையும் சிவப்புக் கோட்டையும் கைவிடச் சம்மதித்துவிட்டார்கள். நொக்ஸாக நடிக்கிறவன் என் அம்மாவிடம் பின்னல் பழகுகிறான்.

கடைசியாக ஒன்று. சட்டைக் கழுத்துக்குத் தெறி எது? கடையில் உள்ளதெல்லாம் பிளாஸ்ரிக்.

அனுராதபுரச் சந்தி அக்கா:
தெறியே வேண்டாம். கொலரின் இரண்டு முனையிலும் சின்னத் துவாரம் போட்டு, கையால் ஓரம் அடித்து, வெள்ளை நூலை முறுக்கிக் கயிறாக்கிக் கோத்துக் கட்டிவிடுங்கள். கப்டனின் மேற்சட்டைக்கு மட்டும் தெறி தேவைப்படும். துணியைச் சின்ன வட்டமாக வெட்டி, விளிம்பில் நூலோட்டி, உள்ளே கழிவுத் துணியை அடைத்து, இறுக்கி முடிந்தால் துணித் தெறி ஆகிவிடும். மேற்சட்டைக்குப் பன்னிரண்டு என்றால் ஒரு பின்னேரம் போதும்.