டைமிங் பெல்ட் அறுந்து இன்ஜின் பிரித்துக் கட்டினேன். சூடேறியதும் இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங்

கேட்டவர்:
வணக்கம். நாலு சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் இன்ஜின். கிராங்கையும் (பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு) வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகி பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் போட்டால் போதும் என்று நம்பிக்கொண்டுதான் கம்ப்ரஷன் பார்த்தேன். மூன்று சிலிண்டரில் முள் அசையவே இல்லை. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் பிறைப் பிறையாக வால்வு குத்திய தடம்.

வளைந்தது ஆறு வால்வு: முதல் சிலிண்டரில் இன்டேக் இரண்டு, 2, 3இல் எக்ஸாஸ்ட் நாலு. ஆறும் புதுசு போட்டேன். 2, 3 எக்ஸாஸ்ட் சீட்டில் (வால்வு உட்கார்ந்து மூடும் வளையம்) அடி விழுந்திருந்ததால் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கினேன். பிறகு 16 வால்வையும் பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் வைத்தும் ஒழுகவில்லை. ஹெட் மட்டமாக இருக்கிறது, 0.05 மி.மீ. ஃபீலர் தகடு எங்கும் நுழையவில்லை. கேஸ்கெட், ஹெட் போல்ட், வால்வு ஆயில் சீல், டென்ஷனர், வாட்டர் பம்ப், பெல்ட் எல்லாம் புதுசு. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன், எங்கும் இடிக்கவில்லை, குறிகள் திரும்பச் சேர்ந்தன.

காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் தையல் மிஷின் மாதிரி. பத்து நிமிடம் கழிந்தால் உதறல் ஆரம்பிக்கிறது. ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிடுகிறது (மிஸ்ஸிங்) என்ற குறியீடு. காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் பார்த்துவிட்டேன். மிஸ்ஸிங் இரண்டை விட்டு நகரவில்லை. ஆறவிட்டால் மறுபடி நல்ல பிள்ளை. எங்கே தப்பு செய்தேன்?

முதல் பதில்:
ஹெட் கேஸ்கெட்தான். போல்ட் இறுக்கிய வரிசை தப்பாகியிருக்கும், அல்லது போல்ட் குழியில் ஆயில் தேங்கி நின்றிருக்கும். குழியில் திரவம் இருந்தால் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லிவிடும், ஆனால் ஹெட்டில் பிடிப்பு ஏறியிருக்காது. திரும்பக் கழற்றுங்கள்.

இரண்டாம் பதில்:
எனக்குப் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கும் என்று தோன்றுகிறது. கிராங்க் புல்லியில் இருக்கும் குறியை நம்பினீர்களா? நடுவில் ரப்பர் வைத்த புல்லி என்றால் வெளி வளையம் நழுவிப்போய் குறி பொய் சொல்லும். உள்ளே பல் சக்கரத்தில் இருக்கும் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பதில்:
தம்பி, அவசரப்பட்டு ஹெட்டில் கை வைக்காதீர்கள். ஒரு பல் தள்ளினால் கிராங்கில் 15 டிகிரிக்கு மேல் போய்விடும். அது நாலு சிலிண்டரையும் சேர்த்துக் கெடுக்குமே தவிர இரண்டாவதை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்காது. கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், அல்லது பக்கத்து சிலிண்டரும் சேர்ந்து படுக்கும்.

ஆறியபோது ஒன்று, சூட்டில் ஒன்று, இரண்டு தடவை கம்ப்ரஷன் எடுங்கள். சூட்டில் எடுக்கும்போது இரண்டாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் பாருங்கள். கம்ப்ரஸர் கிடைத்தால் அந்த பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்து எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். ஸ்பேனரை கிராங்கில் விட்டுவிட்டுக் காற்று திறக்காதீர்கள், சுற்றி அடிக்கும்.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன். பிஎஸ்ஐ கணக்கில், ஆறியபோது: 180, 170, 176, 178. சூட்டில்: 182, 98, 165, 180. ஆயில் விட்டும் 98, 102 ஆனது, அவ்வளவுதான். ரேடியேட்டரில் ஒரு குமிழி இல்லை. காற்று கொடுத்தபோது த்ராட்டில் பக்கம் அமைதி, ஆயில் மூடியைத் திறந்தாலும் அமைதி. சைலன்சர் வாயில் காதை வைத்தால் ‘உஸ்ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கிறது.

மூன்றாம் பதில்:
அப்படியென்றால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயிலுக்கு முள் நன்றாக ஏறியிருக்கும். சரி, ஒரே கேள்வி: கட்டும்போது டாப்பெட் இடைவெளி, அதாவது கேமுக்கும் வால்வை அழுத்தும் டாப்பெட்டுக்கும் நடுவே உள்ள சந்து, அளந்தீர்களா?

கேட்டவர்:
அளக்கவில்லை அண்ணா. பக்கெட் டாப்பெட், வால்வு நுனிமேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி; இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் இல்லை. கழற்றும்போது முட்டை அட்டையில் எண் எழுதி 16ஐயும் வரிசையாக வைத்திருந்தேன், அதே இடத்தில்தான் போட்டேன். இடம் மாறவில்லை, அப்புறம் எப்படி இடைவெளி மாறும்?

மூன்றாம் பதில்:
பக்கெட் மாறவில்லை, வால்வு மாறிவிட்டதே. சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் ஆழமாகப் போய் உட்காரும். அது உள்ளே போன அளவுக்குத் தண்டின் நுனி கேம் பக்கம் எழும்பும். பேஸ்ட் வைத்துத் தேய்ப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது, சின்ன அளவில். நீங்கள் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தது கேம் ஏறுவதற்கு முன். அப்போது ஸ்பிரிங் மட்டும்தான் வால்வை இழுத்துப் பிடித்திருக்கும், ஒழுகாது. கேம் ஏறியபின் இடமே இல்லாமல் போயிருக்கும். ஆறியபோது மயிரிழையில் மூடும், சூட்டில் தண்டு நீண்டு வால்வைத் திறந்தே வைக்கும். உங்கள் இரண்டாவது சிலிண்டர் இதைத்தான் செய்கிறது.

இப்படியே வண்டியை ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். உட்கார விடவில்லை என்றால் ஓரம் எரிந்து கடித்த பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். பிறகு புது வால்வும் வீண், வெட்டிய சீட்டும் வீண்.

கேட்டவர்:
வால்வு கவர் கழற்றி, ஆறிய இன்ஜினில் அளந்தேன். மேனுவல் எக்ஸாஸ்டுக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. வரை சொல்கிறது. 1, 4இல் எல்லாம் 0.26க்கு மேல். மூன்றாவதில் 0.11, 0.09. இரண்டாவதில் ஒன்று 0.04. இன்னொன்றில் என்னிடம் இருக்கும் மெல்லிய தகடு 0.03, அதுவே நுழையவில்லை. இன்டேக் பக்கம் எல்லாம் அளவுக்குள். தகடு நுழையாததற்கு எப்படிக் கணக்குப் போடுவது?

மூன்றாம் பதில்:
பக்கெட்டின் உள்பக்கம் கனம் எண்ணாக இருக்கும், இருந்தாலும் மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது கனம். 0.04 காட்டியது 5.40 பக்கெட் என்றால் 5.40 + 0.04 − 0.30 = 5.14. தகடு நுழையாத இடத்தில் வேறு இடத்திலிருந்து மெல்லிய பக்கெட் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அளந்துவிட்டு, அந்த பக்கெட்டின் கனத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

சிலர் வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துச் சமாளிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மேலே கடினமாக்கிய தோல் மெல்லியது, அது போனால் நுனி பள்ளம் விழும்.

இரண்டாம் பதில்:
பல் தள்ளியது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒன்று மட்டும்: பக்கெட் மாற்ற கேம் வெளியே வர வேண்டும், அதற்குப் பெல்ட்டும் இறங்க வேண்டும். முதலில் கிராங்கை மேல்நிலையிலிருந்து சுமார் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி, நாலு பிஸ்டனும் பாதியில் நிற்கும்படி வையுங்கள். கேம் நழுவினாலும் வால்வு இடிக்காது. கேமைப் பிடித்திருக்கும் கேப் போல்ட்டுகளை ஒவ்வொன்றும் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அவிழ்த்தால் ஸ்பிரிங் விசையில் கேம் இரண்டாக உடையும்.

கேட்டவர்:
முடிந்தது. கடன் வாங்கிய 5.12 பக்கெட்டில் 0.25 வந்தது, அதனால் 5.07 வேண்டும். கிடைத்தது 5.06. 2, 3இல் நாலையும் மாற்றி, பெல்ட் ஏற்றி, இரண்டு சுற்று சுற்றி மறுபடி அளந்தேன்: 0.31, 0.30, 0.29, 0.31. பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினேன், பிறகுதான் ஓடவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஓடியது, ஃபேன் மூன்று முறை வந்து போனது, உதறல் இல்லை. சூட்டில் 181, 176, 178, 180. ஆனால் வால்வு கவரின் முன் மூலையில் ஒரு சொட்டு ஆயில் எட்டிப் பார்க்கிறது. கவர் கேஸ்கெட் புதுசுதான்.

மூன்றாம் பதில்:
முன் கேம் கேப் ஹெட்டோடு சேரும் கோடு அங்கே வரும். அந்த மூலையில் கேஸ்கெட்டுக்கு அடியில் ஒரு பொட்டு சீலன்ட் வைக்க வேண்டும், நீங்கள் விட்டிருப்பீர்கள். கவரை மட்டும் தூக்கினால் போதும், பெல்ட் பக்கம் போகாதீர்கள்.

கேட்டவர்:
விட்டுத்தான் இருக்கிறேன். நாளை ஆறியதும் தூக்குகிறேன்.