பதில்: ஸ்லாக் ஸ்பேஸுக்கு ‘தரிசிடம்’னு வைக்கலாமா?

> ‘காலியிடம்’னே இருக்கே தம்பி, புதுசா ஒரு சொல் எதுக்கு?

ஐயா வணக்கம்.

காலியிடம்னா ஃப்ரீ ஸ்பேஸ்னுதான் எல்லாரும் எடுத்துக்குவாங்க, அதுல அடுத்த ஃபைல எழுதிக்கலாம், ஆனா நாம பேசுற ஸ்லாக் ஸ்பேஸ் ஒரு ஃபைலுக்கு ஒதுக்கின இடத்துல அது நிரப்பாம விட்ட மிச்சம், அதுல வேற எந்த ஃபைலும் நுழைய முடியாது, விஷயமே அதுதான். நம்ம நெல் குறிப்புகளையே பாருங்க, பூங்கார், கிச்சிலி, மாப்பிள்ளை சம்பான்னு ரகத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒண்ணு 300 பைட்னு வைங்க. லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல பிளாக், அதாவது டிஸ்க்ல இடம் ஒதுக்குற மிகச் சின்ன அளவு, வழக்கமா 4096 பைட், அதனால 300 பைட்டுக்கும் ஒரு முழு பிளாக் போயிடும், மிச்சம் 3796 பைட்டும் அந்த ஃபைல் பேர்லயே கெடக்கும். இப்படி 10,000 ஃபைல் சேர்ந்தா எழுதினது 3 எம்பி, டிஸ்க்ல அடைக்கிறது 40 எம்பிக்கு மேல!

பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கு, வரப்பு இருக்கு, பயிர் இல்ல, அடுத்தவரும் விதைக்க முடியாது. மேட்டூர் தண்ணி வராத வருஷம் ‘குறுவைக்குத் தரிசா போட்டாச்சு’ன்னு நம்ம பக்கம் சொல்றது இதைத்தானே. அதான் தரிசிடம்.

மன்னார்குடி அண்ணன் சொன்ன ‘வீணிடம்’ எனக்கு ஒப்பலங்க. அது வீண் இல்ல, வேகத்துக்காகத் தெரிஞ்சே விடுறது. பிளாக்க 512 பைட்டா வச்சா தரிசிடம் குறையும், ஆனா ஒரு ஜிபி அறுவடை வீடியோவ சுமார் 20 லட்சம் துண்டாக்கி ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு கணக்கு வைக்கணும். 1984-ல வந்த பெர்க்லி ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் கட்டுரையில இத அவங்க ஃபைல்கள வச்சே அளந்திருக்காங்க, ஐநோடையும் (ஃபைலப் பத்தின விவரம் வைக்கிற பதிவு) சேர்த்து 512 பைட் பிளாக்குல 6.9 சதவீதம் கூடுதல் இடம் போச்சு, 4096-ல 45.6 சதவீதம். அதுக்காக பிளாக்க சின்னதாக்கல, பெரிய பிளாக்கையே வச்சுக்கிட்டு ஃபைலோட கடைசித் துண்ட மட்டும் சின்ன ஃபிராக்மென்ட்ல போட்டாங்க, ஒரே பிளாக்க பல ஃபைல் பங்கு போட்டுக்கும். பின்னாடி லினக்ஸோட ரெய்சர்எஃப்எஸ் ஃபைல்களோட வால்கள, அதாவது கடைசித் துண்டுகள, சேர்த்துக் கட்டினதும், விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ரொம்பச் சின்ன ஃபைல அதோட ஃபைல் பட்டியலான எம்எஃப்டி பதிவுக்குள்ளயே வச்சதும் இதே தரிசிடத்தக் கொறைக்கத்தான். பாருங்க, வாக்கியத்துல சொல் தானா உட்காருது.

இப்படி வால்களச் சேர்த்துக் கட்டுற டெயில் பேக்கிங்குக்கு ‘கடைத்துண்டுச் சேர்ப்பு’ன்னு நம்ம கலைச்சொல் ஷீட்ல போட்டிருக்கேன். பிளாக்குக்கு ‘தொகுதி’யா ‘கட்டம்’மான்னு நீங்க சொல்லணும், எனக்குக் கட்டம்தான், தொகுதிய ஏற்கனவே குரூப், வால்யூம் ரெண்டுக்கும் போட்டுக்கிட்டிருக்கோம்.