ஃபாக் ஆலன் பேச்சு வந்தால் ஃபுட்பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவின் லாரன்ஸ் ஊரில், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே பல வருஷம் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்த ஃபாக் ஆலன் பெயரில் உள்ள ஆலன் ஃபீல்டுஹவுஸில் நிறைய பாஸ்கெட்பால் மேட்ச் பார்த்தேன். அப்போது 16,300 பேர் கொள்ளும் அரங்கம். எதிரணிக்காரர் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு 'நீ யாருப்பா' என்கிற தோரணையில் ஆட்டுவார்கள்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெரியவரிடம் ஆலனைப் பற்றிக் கேட்டேன். பாஸ்கெட்பால் கதை வரும் என்று பார்த்தால், மனிதர் ஃபுட்பாலில் ஆரம்பித்தார். நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது. 1920-ல் ஒரே ஒரு சீசன் கன்சாஸ் ஃபுட்பால் அணியும் ஆலன் கையில்தான் இருந்ததாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியுடன் பாதி ஆட்டம் முடிந்தபோது 20-0 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசியில் 20-20. ஜெயிக்கக்கூட இல்லை, டிராதான்! அந்தச் சூட்டோடு ஸ்டேடியத்துக்கு நிதி திரட்டினார்கள். 1921-லேயே மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்தது. சீசன் கணக்கு 5 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. அதற்குமேல் ஆலன் அங்கே ஃபுட்பால் பக்கம் போகவில்லை. என் கணக்கில், ஒரு வருஷ வேலைக்கு இது பெரிய கூலி. அரங்க வாசலில் இருக்கும் அவர் சிலையின் கையில் என்னவோ பாஸ்கெட்பால்தான்.

*

அண்ணே, சிலையோடு நிறுத்திட்டீங்களே. பக்கத்துக் கட்டடத்தில் நெய்ஸ்மித்தின் அசல் பாஸ்கெட்பால் விதித்தாள் இருக்கு, போன வருஷம் போய்ப் பார்த்தேன். இரண்டே தாள். பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த அந்த நெய்ஸ்மித்தான் கன்சாஸின் முதல் கோச். அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இது கோச் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆட்டமே இல்லை, சும்மா ஆடுவதுதான் என்று ஆலனிடம் சொன்னவராம். சிஷ்யர் கேட்கவில்லை. கன்சாஸில் மட்டும் 590 வெற்றி, 1952-ல் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ கோப்பை. எலும்பு, தசை வைத்தியமும் முறையாகப் படித்தவர் என்பதால் பையன்களின் அடிபட்ட முட்டியையும் அவரே பார்த்துக்கொள்வார். பின்னாளில் கோச்சாகிக் கென்டக்கி அணியை ஆண்ட அடால்ஃப் ரப், நார்த் கரோலினா அணியின் கோச் டீன் ஸ்மித் இருவரும் அவரிடம் ஆடிய பையன்கள்.

*

நீங்கள் இருவரும் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்கு ஆறாதது, பின்னாளில் பாஸ்கெட்பால் நட்சத்திரமான வில்ட் சேம்பர்லின் விஷயம். ஏழடி உயரப் பையனை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பேசிப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஆலன். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. பையன் இரண்டாம் ஆண்டுக்கு வருவதற்குள் ஆலனுக்கு 70 வயது. 1956-ல் கட்டாய ஓய்வு. விதிவிலக்குக் கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. நம்ம ஊர் சர்க்கார் ஆபீஸ்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

அடுத்து வந்த டிக் ஹார்ப் 1957-ல் என்சிஏஏ இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். மூன்று ஓவர்டைம், நார்த் கரோலினாவிடம் 54-53 தோல்வி. ஆலன் இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளி வந்திருக்கும் என்பது என் ரூம்மேட் கட்சி. ஆட்டத்தைப் பார்த்தவரைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேம்பர்லினைச் சுற்றி மூன்று பேர் நின்றால் எந்தக் கோச்சும் திணறத்தான் வேண்டும்.